ஹேண்டி ரைஃபிள் பார்ட்ஸ் வாங்குறவங்களுக்கு: விலையும் அந்த காஸ்டிங் பேச்சும்

எல்லாருக்கும் வணக்கம். ஹேண்டி ரைஃபிளுக்கு (நடுவுல மடக்கித் திறந்து ஒரு தடவைக்கு ஒரு தோட்டா போடுற துப்பாக்கி) நம்மகிட்ட ஒரு எக்ஸ்ட்ராக்டராவது (சுட்ட தோட்டாவோட காலி கேஸ வெளிய எடுக்குற பாகம்) ஒரு ஸ்பிரிங்காவது வாங்கின எல்லாருக்கும் சேர்த்துத்தான் இத எழுதுறேன், தனித்தனியா பதில் போட்டு கை ஓஞ்சு போச்சு.

முதல்ல விலை. அடுத்த மாசம் ஒண்ணாம் தேதியில இருந்து எல்லா பாகத்துக்கும் 18 சதவீதம் கூடுது. நீங்க வாங்குறது அமெரிக்க ஸ்டீல்தானே, வரி உங்களுக்கு எங்க வந்துச்சுன்னு சிலர் கேக்குறீங்க. 2025 மார்ச்ல அமெரிக்காவுல வெளிநாட்டு ஸ்டீலுக்கு 25 சதவீதம் இறக்குமதி வரி போட்டாங்க, ஜூன்ல அதையே 50 ஆக்கினாங்க, வெளி சரக்கு ஏறினா உள்ளூர்க்காரன் மட்டும் பழைய விலைக்கா குடுப்பான், அவனும் சேர்ந்து ஏத்திட்டான். அவ்ளோதான் கதை.

அடுத்தது, லேத்துல நின்ன நம்ம பெரியவர் ஓய்வு வாங்கிட்டார். மாசசூசெட்ஸ்ல கார்ட்னர் ஊர் ஃபேக்டரியில ஹெச் அண்ட் ஆர் துப்பாக்கி (ஹேண்டி ரைஃபிள் அந்தக் கம்பெனியோடதுதான்) செஞ்சவர் அவர், 2008-ல அத மூடிட்டு வேலைய நியூயார்க் மாநிலத்துல இலியனுக்கு கொண்டு போனப்ப இவர் போகமாட்டேன்னு பார்டர் தாண்டி நியூ ஹாம்ப்ஷயர்ல நம்ம பட்டறைக்கு வந்துட்டார். (மான் வேட்டைக்கு ரைஃபிளே எடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குற மாசசூசெட்ஸ்ல உக்காந்து இத்தன மான் ரைஃபிள் செஞ்சாங்கன்னு அவரே சொல்லிச் சிரிப்பார்.) 2015-ல ஹேண்டி ரைஃபிள் தயாரிப்பே நின்னுச்சு, 2024-ல இலியன் ஃபேக்டரியும் மூடியாச்சு, பேரு மட்டும் இன்னொரு கம்பெனிகிட்ட இருக்கு, அவங்க செய்றது வேற மாதிரி துப்பாக்கி. அதனால பழைய துப்பாக்கிக்கு பாகம் வேணும்னா நம்மள மாதிரி நாலு பட்டறைதான். இப்ப இங்க நானும் என் மச்சினனும் மட்டும்தான், மூணு வாரத்துல வந்தது இனிமே ஏழு வாரம் ஆகும்.

இப்ப அந்த விஷயத்துக்கு வரேன். போன மாசத்துல இருந்து ஒரு ஃபோட்டோ சுத்திக்கிட்டு இருக்கு, உங்கள்ல பாதி பேர் எனக்கே அனுப்பிட்டீங்க. நம்ம எக்ஸ்ட்ராக்டர லென்ஸ் வச்சு படம் எடுத்து, பாரு மணல் மாதிரி இருக்கு, ஓரத்துல ஒரு கோடு வேற, இது வெளிநாட்டு காஸ்டிங் (உலோகத்த உருக்கி அச்சுல ஊத்திச் செஞ்சது), வாங்கி கவர் மாத்தி விக்குறாங்கன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். அவர் பேர் இங்க வேண்டாம். ஆனா அதப் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

அது காஸ்டிங் இல்லைங்க, ஒயர் கட். பதம் பிடிச்ச 4140-ங்கற ரக ஸ்டீல் பார் வாங்கி, தண்ணித் தொட்டியில வச்சு, தலைமுடி கணக்கா இருக்குற பித்தளைக் கம்பியில கரண்ட் விட்டு, கம்பி பட்டும் படாம பொறியாலயே அரிச்சு வெட்டுறது. பொறி பட்ட இடம் பளபளன்னு இருக்காது, சாம்பல் நிறத்துல சொரசொரன்னுதான் இருக்கும், லென்ஸ் வச்சா மணலாத்தான் தெரியும். அந்தக் கோடு கம்பி உள்ள நுழைஞ்ச இடம். அச்சு ரெண்டு பாதி சேர்ந்த கோடா இருந்தா பாகத்தச் சுத்தி ஓடணும், ஒரு ஓரத்துல மட்டும் ஏன் இருக்கப் போகுது? பாலிஷ் போட எங்களுக்குத் தெரியாதா? .308, .243 மாதிரி விளிம்பு வெளிய தள்ளாத தோட்டாவுக்கு எக்ஸ்ட்ராக்டரோட உதடு தோட்டா அடியில சுத்தி இருக்குற பள்ளத்துல சரியா உக்காரணும், பாலிஷ்ல கொஞ்சம் தேஞ்சாலும் காலி கேஸ் உள்ளயே நின்னுரும். 45-70 மாதிரி விளிம்பு வச்சதுக்கு இவ்ளோ பாடு இல்ல, விளிம்பப் பிடிச்சுத் தள்ளினா வந்துரும். இத்தனைக்கும் காஸ்டிங்னா கேவலம்னு நான் சொல்லல, ரூகர் கம்பெனியோட நம்பர் ஒன் துப்பாக்கியில ரிசீவரே (எல்லா பாகமும் மாட்டுற நடு உடம்பு) காஸ்டிங்தான், ஊரே கொண்டாடுது. செய்யாததச் செஞ்சேன்னு சொன்னாத்தான் வலிக்குது. சந்தேகம் இருக்குறவங்க சனிக்கிழமை நேர்ல வாங்க, மிஷின ஓட்டியே காட்டுறேன், காப்பியும் உண்டு.

வெப்சைட்ல இத முன்னாடியே எழுதிப் போட்டிருக்கணும், அது என் தப்புதான்.

இத்தன பேச்சுக்கு நடுவுலயும் ஆர்டர ஒருத்தர்கூட கேன்சல் பண்ணல. விஸ்கான்சின்ல இருந்து ஒரு தாத்தா, பேத்தி எடுத்த முதல் மானோட ஃபோட்டோ அனுப்பி, உங்க ஸ்பிரிங் போட்ட துப்பாக்கின்னு எழுதியிருந்தார், அத லேத்துக்கு மேல ஒட்டி வச்சிருக்கேன். உங்க எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. ஏற்கனவே ஆர்டர் போட்டவங்களுக்கு பழைய விலைதான்.

அப்புறம், ஆகஸ்ட்ல போன ஃபயரிங் பின்ல (தோட்டாவ முட்டி வெடிக்க வைக்குற ஊசி) ஒரு லாட்டு, வெளிய குடுத்த ஹீட் ட்ரீட்மெண்ட்ல பதம் கொஞ்சம் கம்மி, கவர்ல சிவப்புப் புள்ளி இருந்தா மாட்டாதீங்க, மாட்டியிருந்தா சுடாம கழட்டி அனுப்புங்க, வேற அனுப்புறோம், தபால் செலவு நம்மது. நவம்பர் சீசனுக்குப் பாகம் வேணும்ங்கறவங்க ஏழு வாரத்த மனசுல வச்சு இப்பவே சொல்லிருங்க.