இட்லித் தாளோடு எண்ணெய்க் குழாயையும் பாருங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். இட்லித் தட்டில் துணிக்குப் பதில் பிளாஸ்டிக் தாள் விரிப்பது பற்றிய கட்டுரை படித்தேன். 2025 பிப்ரவரியில் கர்நாடக சுகாதாரத் துறை அதைத் தடுக்க இறங்கியது மிகவும் தேவையான காரியம். ஆனால் கட்டுரை புற்றுநோயோடு நின்றுவிட்டது. உடம்பின் கொழுப்புக்கும் சர்க்கரைக்கும் என்ன ஆகிறது என்பதும் முக்கியம்.

பிளாஸ்டிக் எல்லாம் ஒன்றல்ல. பாலித்தீன் தானாகவே வளையும். பிவிசி என்ற பிளாஸ்டிக் வளையாது, அதை மென்மையாக்க எடையில் 30, 40 சதவீதம்கூட பிளாஸ்டிசைசர் என்ற ரசாயனம் சேர்ப்பார்கள். அதில் நெடுங்காலம் அதிகம் புழங்கியது தாலேட் என்ற ரசாயன வகையைச் சேர்ந்த டிஇஎச்பி. பிவிசியோடு அது வேதிப்பிணைப்பு கொள்வதில்லை. இடுக்கில் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். எண்ணெய் பட்டால் இறங்கிவிடும், சூடும் சேர்ந்தால் இன்னும் வேகமாக.

செக்கு எண்ணெய்க் கடைகளில் டிரம்மிலிருந்து எண்ணெய் இறக்கும் கண்ணாடி போன்ற டியூபைத் தொட்டுப் பாருங்கள். புதிதில் துவண்டு கிடந்த பிவிசி டியூப் நாளாக ஆக விறைத்துப்போனால், அதை வளைய வைத்த பொருள் எண்ணெயோடு போய்விட்டது என்று அர்த்தம். போன இடம் நம் வாணலி.

குடலில் டிஇஎச்பி உடைந்து எம்இஎச்பி ஆகிறது. கொழுப்புத் திசுவில் இன்னும் முதிராத செல்களை முழுக் கொழுப்புச் செல்லாக மாற்றும் பிபிஏஆர்-காமா என்ற ஏற்பியை (செல்லுக்குள் சமிக்ஞையை ஏற்கும் புரதம்) எம்இஎச்பி தூண்டுவது ஆய்வகச் செல்களில் தெரிந்திருக்கிறது. சர்க்கரை நோய்க்குத் தரும் பயோகிளிட்டசோன் மாத்திரையும் வேலை செய்வது இதே ஏற்பியில்தான். அதைச் சாப்பிடுகிறவர்களில் பலருக்கு எடை கூடுவது தெரிந்ததே. மனிதர்களில் எடை கூடத் தாலேட்தான் காரணம் என்று இன்னும் நிறுவப்படவில்லை. 2007இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், சிறுநீரில் தாலேட் எச்சம் அதிகமிருந்த ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவும் இன்சுலின் எதிர்ப்பும் (இன்சுலின் சரிவர வேலை செய்யாத நிலை) கூடுதலாக இருந்தன. அது தொடர்பு மட்டுமே, காரணம் என்று ஆகாது.

ஆறுதலான செய்தி, டிஇஎச்பி உடம்பில் தங்குவதில்லை. பெரும்பகுதி ஓரிரு நாளில் சிறுநீரில் போய்விடும். தினமும் புதிதாக ஏறுவதுதான் தொல்லை. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், பாக்கெட் உணவை விட்டு மூன்று நாள் புதிதாகச் சமைத்துச் சாப்பிட்டவர்களுக்கு டிஇஎச்பி எச்சம் பாதிக்கு மேல் குறைந்தது.

ஆகவே சாம்பார், தாளித்த சட்னி பார்சலுக்கு எவர்சில்வர் தூக்கு கொண்டுபோங்கள். இட்லிக்கு மெல்லிய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து விரித்தால் போதும், ஒட்டாது. எண்ணெயைக் குழாய் இல்லாமல் எவர்சில்வர் அளவுப் படியில் ஊற்றித் தரக் கேளுங்கள். 'பிபிஏ இல்லாதது' என்ற முத்திரையை நம்பி இருந்துவிட வேண்டாம். பிபிஏ என்பது பிளாஸ்டிக்கில் வரும் வேறு ரசாயனம், அந்த முத்திரை தாலேட்டைப் பற்றி எதுவும் சொல்லாது.

உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அடுத்த சோதனைக்குக் கிளம்பும்போது இட்லித் தட்டோடு எண்ணெய்க் கடை டியூபையும் பார்க்க வேண்டும்.

வாசகர்,
அல்சூர், பெங்களூரு