சுவர் வேறு, வேலி வேறு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. உன் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே சாய்ந்து நிற்கும் சுவரைப் படமெடுத்து நீ அனுப்பிய மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பலமுறை பார்த்தேன். மற்றதையெல்லாம் எழுதுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அந்தச் சுவர் ஓரத்தில் குழந்தையை விளையாட விடாதே, வண்டியையும் அங்கே நிறுத்தாதே. சுவரின் நடுப்பகுதி வயிறு தள்ளி நிற்பது படத்திலேயே தெரிகிறது. அது எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால், விழாது என்று நம்பி இருக்கவும் முடியாது.

சுவரையும் வேலியையும் சரிசெய்யும் செலவில் பாதியை நீ கொடுக்க வேண்டும் என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். நீ ஒரு காசும் தர முடியாது என்று சொல்லிவிட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்ப யோசிப்பதாக எழுதியிருக்கிறாய். ஒரு மாதமாக இருவரும் வேலியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சாய்ந்திருப்பதோ வேலியைச் சுமந்து நிற்கும் தாங்குசுவர். சுவர் வேறு, வேலி வேறு. வேலி என்பது இரண்டு நிலங்களுக்கும் இடையே கோடு எங்கே போகிறது என்ற கேள்வி. அது இருவருக்கும் பொதுவானது, பாதிப் பாதி என்று பேசுவதில் நியாயம் உண்டு. தாங்குசுவர் என்பது மேட்டுமண் பள்ளத்தில் சரியாமல் பிடித்து நிறுத்துவது. அங்கே முதலில் கேட்க வேண்டியது, இந்த மேடும் பள்ளமும் யாரால் வந்தன என்பதைத்தான். இந்த இரண்டையும் ஒரே கணக்கில் போட்டதால்தான் உங்கள் பேச்சு ஒவ்வொரு முறையும் சண்டையில் முடிகிறது.

இதை நான் எங்கோ படித்துவிட்டு எழுதவில்லை. நீ நான்காம் வகுப்புப் படித்த வருடம் நம் கொல்லைப்புறச் சுவர் இரவில் இடிந்து விழுந்ததும், உன் புதிய சைக்கிள் மண்ணுக்கடியில் போனதும் உனக்கு நினைவிருக்கும். அதற்கு முந்தைய இரண்டு மழைக்காலமும் நானும் பக்கத்து வீட்டு அக்காவும் பேசிக்கொள்ளாமல் இருந்ததை நீ அறிந்திருக்க மாட்டாய். அவர்கள் தோட்டம் போடுவதற்காக மண் கொட்டி மேடாக்கியதால்தான் சுவர் தள்ளுகிறது என்று நான் சொன்னேன். சுவரே பழையது, சரியாகக் கட்டப்படவில்லை என்று அவர்கள் சொன்னார்கள். விரிசலுக்குக் குறுக்கே பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதி வைத்திருந்தேன். சில மாதங்களில் அந்தக் கோட்டின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி வந்துவிட்டது. அப்போதும் நான் அவர்கள் வீட்டுப் படியேறவில்லை.

இடிந்த மறுநாள் கொத்தனார் இடிபாடுகளை அள்ளும்போது ஒரு பெரிய துண்டைப் புரட்டி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அதில் கட்டைவிரல் கனத்துக்கு ஒரு குழாய் இருந்தது. சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியே வருவதற்காகக் கட்டும்போதே வைத்த துளை அது. மண் பக்கத்து வாய் திறந்திருந்தது. நம் பக்கத்து வாய் சிமெண்டுப் பூச்சால் வழவழப்பாக மூடியிருந்தது. வெள்ளையடிக்குமுன் சுவர் அழகாக இருக்க வேண்டும் என்று பூசச் சொன்னது நான்தான். எல்லாத் துளைகளையும் நாமே அடைத்துவிட்டு, அவர்கள் கொட்டிய மண்ணை மட்டும் இரண்டு வருடம் திட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். அந்தத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போனேன், நடந்ததைச் சொன்னேன். அவர்களும் தாங்கள் மண் கொட்டியதை அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டார்கள். புதிய சுவரின் கணக்கைப் பேசி முடிக்க அதன் பிறகு ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது.

ஆகவே நீ முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை. காய்ந்த மண் சுவரைத் தள்ளும் விசை அதிகமில்லை. தண்ணீர் சேர்ந்தால்தான் ஆபத்து. உங்கள் சுவர் 1.2 மீட்டர் உயரம் என்று எழுதியிருக்கிறாய். பின்னால் நிற்பது சாதாரண மணல் கலந்த மண்ணாக இருந்தால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அது ஏறத்தாழ 430 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். அதே மண்ணில் தண்ணீர் சுவரின் தலைவரை தேங்கிவிட்டால் அந்தத் தள்ளுதல் 900 கிலோவைத் தாண்டிவிடும். உயரம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்காகும், சுவரைக் கவிழ்க்கும் திறன் எட்டு மடங்காகும். மின்னூட்ட விதிக்காக நீ பள்ளியில் படித்த அதே பிரெஞ்சு அறிவியலாளர் கூலும்தான் இந்தக் கணக்கையும் முதலில் ஒழுங்காகப் போட்டவர். கோட்டை கட்டும் ராணுவப் பொறியாளராக இருந்தபோது எழுதி 1776-இல் வெளியிட்டார். சுவருக்குப் பின்னால் ஆப்பு வடிவில் ஒரு மண்துண்டு சரிய முயல்கிறது, சுவர் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்ற அவருடைய எண்ணம் இன்றும் பொறியாளர்களுக்குப் பயன்படுகிறது.

உன் படத்தில் சுவரின் கீழ்ப்பகுதியில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. ஈரம் உள்ளிருந்து வருவதற்கு அது அடையாளம். சுவரின் அடியில் வரிசையாகத் துளைகள் இருக்கின்றனவா என்று தேடு. இருந்தால் பக்கவாட்டில் நின்றபடி நீளமான மெல்லிய கம்பி ஒன்றை மெதுவாக உள்ளே விட்டுப் பார். மழை பெய்த மறுநாள் அவற்றிலிருந்து தண்ணீர் வடிகிறதா என்றும் கவனி. துளையே இல்லையென்றால் கட்டியவர் மீது குற்றம். இருந்தும் அடைபட்டிருந்தால் அடைத்தவர் மீது. அவர் வீட்டுக் கூரைத் தண்ணீர் எங்கே இறங்குகிறது, தோட்டத்துக்கு விடும் குழாய் எங்காவது ஒழுகுகிறதா என்பதையும் அவரையே உடன் அழைத்துக்கொண்டு பார்த்துவிடு.

சாய்வை அளக்கத் தூக்குக்குண்டு போதும். சுவரின் தலையிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடங்களில் நூலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொள். இரண்டு வாரம் கழித்து அதே இடங்களில் மறுபடி அள. அளவு மாறிக்கொண்டே போனால் பேச்சை நிறுத்திவிட்டுக் கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

அடுத்தது, மேட்டையும் பள்ளத்தையும் உண்டாக்கியது யார் என்பது. நிலம் ஆதியில் எந்த மட்டத்தில் இருந்தது என்று தெரிந்தால்தான் பங்கு பிரிக்க முடியும், அதை மரம் சொல்லும். தென்னை, பனை போன்றவற்றை விட்டால், பெரும்பாலும் மரம் தரையைத் தொடும் இடத்தில் தூர் விரிந்து வேராக இறங்கும். அவர் பக்கத்துப் பழைய மரத்தில் தூர் விரியாமல், நட்டுவைத்த கம்பம் போல அடிமரம் நேராக மண்ணுக்குள் போனால் அங்கே மண் கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள். உன் பக்கத்து மரத்தின் வேர்கள் தரைக்கு மேலே நிற்கின்றன என்றால், உனக்கு வீட்டை விற்றவரோ அவருக்கு முன்னால் இருந்தவரோ மண்ணை வெட்டி எடுத்திருக்கிறார்கள். இரண்டுமே நடந்திருக்கலாம். அவர் பக்கம் 40 செ.மீ. ஏற்றப்பட்டு, உன் பக்கம் 80 செ.மீ. வெட்டப்பட்டிருந்தால், 1.2 மீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு உன் மனையின் வேலை. வெட்டியவர் நீ இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த வீட்டை வாங்கியபோது அந்தப் பள்ளத்தையும் சேர்த்துத்தான் வாங்கினாய். நீ படியிறங்கிப் பேச வேண்டிய இடம் இதுவாகவே இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சட்டமும் பல நாடுகளில் இந்த வழியில்தான் போகிறது. இயற்கையாக நிற்கும் நிலத்துக்கு அண்டை நிலம் தரும் பக்கத் தாங்கலை எடுத்துவிடக் கூடாது. வெட்டி எடுத்தவன்தான் அதற்கு மாற்றாகத் தாங்கல் தர வேண்டும். அந்த உரிமை வெறும் நிலத்துக்கு உரியது. பிற்பாடு மேலே கொட்டிய மண்ணுக்கோ கட்டிய கட்டடத்துக்கோ அது அப்படியே பொருந்துவதில்லை. உன் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. தெரிந்துகொள்வதற்காகப் போ, நோட்டீஸ் அனுப்புவதற்காகப் போகாதே. நோட்டீஸ் கையில் கிடைத்தவர் அதன் பிறகு மரத்தின் தூரை உன்னோடு சேர்ந்து குனிந்து பார்க்க வரமாட்டார்.

எல்லைக்கோட்டை இருவரும் சேர்ந்து ஒரே நில அளவரை வைத்து அளந்துவிடுங்கள், கூலியைப் பாதியாகக் கொடுங்கள். நீ தனியாக ஒருவரை அழைத்து வந்தால் அவர் தனியாக இன்னொருவரை அழைத்து வருவார். இப்போது நிற்கும் வேலியை எல்லை என்று இருவருமே எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். வேலி நட்டவர் தனக்கு வசதியான இடத்தில் நட்டிருப்பார். பத்திரத்தோடு உள்ள வரைபடமும் எல்லைக்கற்களும்தான் பேச வேண்டும். அதே சமயம், தவறான இடத்தில் நிற்கும் வேலியைப் பல வருடம் யாரும் கேட்காமல் விட்டால் அதுவே உரிமையாகிவிடும் சட்டம் பல நாடுகளில் உண்டு என்பதால், ஒரு சாண்தானே என்று விட்டுவிடவும் கூடாது.

கோடு தெரிந்ததும் சுவர் எந்தப் பக்கம் அமைய வேண்டும் என்ற பேச்சு வரும். தாங்குசுவரின் அடித்தளம் சுவரைவிட மிக அகலமானது. கம்பி கட்டிய காங்கிரீட் சுவராக இருந்தால் அதன் பாதம் பெரும்பாலும் மேட்டுப் பக்கத்து மண்ணுக்கடியில் நீண்டு போகும், அந்த மண்ணின் எடையே சுவரைக் கவிழாமல் பிடித்துக்கொள்ளும். அப்படிக் கட்டினால் அவர் நிலத்தைத் தோண்ட வேண்டும், பாதமும் அவர் நிலத்துக்குள் இருக்கும். அவர் சம்மதம் எழுத்தில் இல்லாமல் அதைச் செய்ய முடியாது. அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் உன் எல்லைக்குள் தள்ளிக் கட்டிப் பாதத்தை உன் பக்கம் நீட்ட வேண்டியிருக்கும். அதில் உனக்கு இடமும் போகும், செலவும் ஏறும். உன் கணக்குக்கு அவருடைய தயவு எவ்வளவு முக்கியம் என்று இதிலேயே பார்த்துக்கொள். பல இடங்களில் ஒரு மீட்டரையொட்டிய உயரத்தைத் தாண்டினாலே பொறியாளரின் வரைபடமும் அனுமதியும் கேட்பார்கள், அதையும் விசாரித்துவிடு.

பழைய சுவரை ஒரே நாளில் முழுதாக இடிக்க விடாதே. ஒன்று விட்டு ஒன்றாகச் சிறு சிறு துண்டுகளாக எடுத்துக் கட்டச் சொல், மழைக்காலம் நெருங்குமுன் முடித்துவிடு. சுவருக்குப் பின்னால் தோண்டிய மண்ணையே திரும்பத் தள்ளிவிடுவார்கள், நின்று பார்த்துக்கொள். அங்கே ஜல்லி போட வேண்டும், மண் வந்து ஜல்லியை அடைக்காதபடி இடையே வடிகட்டித் துணி விரிக்க வேண்டும், அடியில் துளையிட்ட குழாய் பதித்துத் தண்ணீர் போக ஓர் இடம் காட்ட வேண்டும். மூடிய பின் இது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் பணத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இதில் கை வைக்கிறார்கள்.

வேலி விஷயம் சுருக்கம்தான். அவர் கேட்கும் 1.8 மீட்டர் வேலி அவர் தரையிலிருந்து பார்த்தால் சாதாரணம். உன் தரையிலிருந்து பார்த்தால் சுவரும் சேர்ந்து 3 மீட்டர் மறைப்பு. அவரைக் கூப்பிட்டு உன் சமையலறை ஜன்னலருகே ஒரு நிமிடம் நிற்கச் சொல், நீயும் அவர் திண்ணையில் போய் நின்று பார். இடைவெளி இல்லாத பலகை வேலி காற்றுக்குப் பாய்மரம் போல நின்று அந்த விசை முழுவதையும் சுவரின் தலையில் இறக்கும் என்பதால், வேலிக்கம்பங்களைச் சுவரில் துளைத்து நடாமல், சற்றுத் தள்ளித் தனி அடித்தளத்தில் நடுங்கள்.

பேசி முடித்ததை இரண்டு படி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். யார் எவ்வளவு தருவது, வடிகாலை யார் சுத்தம் செய்வது, பழுது பார்க்க எந்த அறிவிப்போடு மற்றவர் நிலத்துக்குள் வரலாம், இருவரில் யாராவது வீட்டை விற்றால் வாங்குபவரை இது எப்படிக் கட்டுப்படுத்தும் என்பனவெல்லாம் அதில் வர வேண்டும். இப்போது நிற்கும் சுவரை எல்லாக் கோணங்களிலும் படமெடுத்துத் தேதியோடு அதனுடன் சேர்த்துவை.

பெரியவர் காலையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார் என்று எழுதியிருந்தாயே, அந்த நேரத்தில் போ. பணத்தைப் பற்றி அன்றைக்கு எதுவும் பேசாதே. சுவர் சாய்கிறது, உங்கள் தோட்டத்து மண்ணும் என் குழந்தையும் அதன் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள், சேர்ந்து பார்ப்போமா ஐயா என்று மட்டும் கேள். அவர் பக்கத்து மரத்தின் தூரைப் படமெடுத்து எனக்கு அனுப்பு; துளைக்குள் விட்ட கம்பி எவ்வளவு ஆழம் போனது என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
அம்மா