வீட்டு ஜெபம் தொடங்கும் மகளுக்கு

அன்புள்ள கண்ணுக்கு, அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் ஓசூரில் வெள்ளிக்கிழமைதோறும் வீட்டு ஜெபம் வைக்கப்போவதாக அப்பா சொன்னார். சந்தோஷம். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் சபைப் போதகர் ஐயரிடம் சொல்லிவிடுங்கள். அவருக்குத் தெரியாமல் நடக்கிற வீட்டுக்கூட்டம் கொஞ்ச நாளில் தனிச் சபை மாதிரி ஆகிவிடும். பிறகு ஒரு சண்டை வந்தால் தீர்த்துவைக்க ஆள் இருக்காது. ஞானஸ்நானமும் திருவிருந்தும் சபையில் நடக்கட்டும், வீட்டில் வேதமும் ஜெபமும் போதும். ஞாயிறு ஆராதனை நேரத்தில் ஒருநாளும் கூடாதீர்கள். வீட்டுக்கார அம்மாவிடமும் நீயே போய்ச் சொல்லு. வாசலில் பத்து ஜோடிச் செருப்பைப் பார்த்து அவர்களாகக் கேட்கும்படி வைத்துக்கொள்ளாதே. மைக், ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம்.

ஏழு மணி என்றால் ஏழுக்கு, இரண்டு பேர் வந்திருந்தாலும் பாட்டைத் தொடங்கிவிடு. எட்டுக்கு முடித்துவிடு. உங்கள் தெருவில் பாதிப் பேர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்கள். காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவர் நாலரைக்கே எழுந்திருப்பார். அவர் கண் சொக்கினால் அது அவிசுவாசம் இல்லை. துரோவா பட்டணத்தில் பவுல் நடுராத்திரி வரை பேசினபோது ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான் என்று அப்போஸ்தலர் 20-ல் இருக்கிறது. பவுலுக்கே அந்த கதி, மாப்பிள்ளை எம்மாத்திரம்! சிரிக்காமல் அவரிடம் சொல்லிவிடு.

பாட்டு இரண்டு போதும். எல்லாரும் பாடத்தான் பாட்டு, ஆகவே உன் சுருதிக்குத் தொடங்காதே. பல்லவியில் நீ சுலபமாக எட்டுகிற இடம் சரணத்தில் மற்றவர்களுக்கு எட்டாது, ஆண்கள் வாயை மூடிக்கொள்வார்கள். தெலுங்கு வீட்டார் வந்தால் பல்லவி சின்னதாக இருக்கிற பாட்டாக எடு, இரண்டாவது தடவை அவர்களும் சேர்ந்துகொள்வார்கள்.

வேத வாசிப்புதான் முக்கியம், அதில்தான் பல கூட்டம் தடம் மாறுகிறது. ஒவ்வொரு வாரமும் ஒரு தலைப்பு, பத்து இடத்திலிருந்து பத்து வசனம் என்று போகாதீர்கள். அப்படிப் போனால் பேசுகிறவர் நினைத்ததுதான் வரும், வேதம் சொல்வது வராது. ஒரு புத்தகத்தை எடுத்து வரிசையாகப் போங்கள். மாற்கு சுவிசேஷம் நல்லது: 16 அதிகாரம், வாரத்துக்கு அரை அதிகாரம் என்றால் ஏறக்குறைய எட்டு மாதத்தில் முடியும். ஒரு சம்பவம் எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்துங்கள், நடுவில் வெட்டாதீர்கள்.

"ஆளுக்கு ஒரு வசனம்" என்று வரிசையாக வாசிக்கவைப்பது நம் பழக்கம். அதை விட்டுவிடு. எழுத்துக் கூட்டி வாசிக்கிற அக்கா ஒருத்தி, தமிழ் பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாத கன்னடக்காரர் ஒருவர், தன் முறை வரப்போகிறதே என்ற பயத்தில் ஒன்றுமே கேட்கமாட்டார்கள். அடுத்த வாரம் வரவும் மாட்டார்கள். நன்றாக வாசிக்கிற ஒருவர் முழுப் பகுதியையும் நிதானமாக வாசிக்கட்டும். தெலுங்கு, கன்னட வேதத்திலும் மாற்குவுக்கு அதே அதிகார எண், அதே வசன எண்தான், அவர்கள் தங்கள் புத்தகத்தில் பார்த்துக்கொள்வார்கள். புதிதாக வருகிறவருக்கு "மாற்கு எடுங்க" என்றால் எங்கே என்று தெரியாது. ஒரே பதிப்பில் ஏழெட்டுப் புதிய ஏற்பாடு வாங்கிவைத்துப் பக்க எண்ணைச் சொல்லு.

பிறகு கேள்வி. "உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டால் பேச்சு பெட்ரோல் விலைக்குப் போய்விடும். பகுதிக்குள்ளே விடை இருக்கிற கேள்வியாகக் கேள். மாற்கு 2-ல் திமிர்வாதக்காரனைக் கூரை வழியாக இறக்கினது இருக்கிறதல்லவா? அவனை எத்தனை பேர் சுமந்தார்கள்? யாருடைய விசுவாசத்தை இயேசு கண்டார், அவனுடையதா, அவர்களுடையதா? முதலில் எழுந்து நட என்றாரா, பாவம் மன்னிக்கப்பட்டது என்றாரா? மூன்றாம் வசனத்தையும் ஐந்தாம் வசனத்தையும் பார்த்தாலே விடை வரும். கூரையைப் பிரித்து சுகத்துக்காகக் கொண்டுவந்தவர்களுக்கு அவர் வேறொன்றை முதலில் கொடுத்தது ஏன் என்று அடுத்த கேள்வி தானாக எழும். அதை நீ விளக்காதே. கொஞ்ச நேரம் யாரும் பேசாவிட்டால் உனக்கு அது நெடுநேரமாகத் தெரியும், பொறுத்துக்கொள். கடைசியில், இந்த வாரம் இதில் எதைச் செய்யப்போகிறோம் என்று ஒவ்வொருவரும் தனக்குள் முடிவு செய்யட்டும். எதிர்வீட்டு அண்ணனுக்கு எது பொருந்தும் என்று யாராவது ஆரம்பித்தால் சிரித்துத் தடுத்துவிடு.

ஜெபத்தில் ஒருவரே கால்மணி நேரம் எடுத்துக்கொள்வது எல்லா ஊரிலும் நடக்கிறதுதான். "ஆளுக்கு இரண்டு மூன்று வாக்கியம்" என்று முன்னாலேயே சொல்லிவிடு. கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபம் அரை நிமிஷம்கூட ஆகாது. பேச வராதவர்கள் கடைசியில் ஆமென் சொன்னால் போதும்.

ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஊர்வம்பு வரும், ஜாக்கிரதை. "இன்னார் வீட்டுப் பெண்ணுக்காக ஜெபிக்கணும், அவள் என்ன பண்ணினாள் தெரியுமா" என்று தொடங்கினால் அங்கேயே நிறுத்து. தன்னைப் பற்றியும், தன் வீட்டார் சம்மதித்தால் அவர்களைப் பற்றியும் மட்டும் சொல்லட்டும். அதையும் வாட்ஸ்அப்பில் போடக்கூடாது. உடம்பு சரியில்லாதவருக்காக ஜெபியுங்கள். ஆனால் சர்க்கரை மாத்திரையை, பிரஷர் மாத்திரையை நிறுத்து என்று யாராவது சொன்னால் மாப்பிள்ளை எல்லார் முன்னாலும் மறுத்துச் சொல்ல வேண்டும். இதில் தயவு தாட்சணியம் கூடாது. சுவிசேஷம் எழுதின லூக்காவே வைத்தியர்தான், கொலோசெயர் 4:14 பார்.

காணிக்கை எடுக்காமலிருப்பது நல்லது. எடுத்தே ஆகவேண்டுமென்றால் இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, அன்றே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஞாயிறன்று சபையில் கட்டிவிடுங்கள். ஜெபத்துக்கு வருகிறவர்களுக்குள் சீட்டுப் பிடிப்பது, இன்சூரன்ஸ் விற்பது, கைமாற்று எதற்கும் இடம் கொடுக்காதே. பணம் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே பாயில் உட்கார்ந்து ஜெபிக்க முடியாமல் போகும்.

முடிந்ததும் டீ, கூடவே பிஸ்கட். அவ்வளவுதான். ஒரு வீட்டில் வடை போட்டால் அடுத்த வீட்டில் பிரியாணி; மூன்றாவது வீட்டுக்காரர் வசதியில்லாமல், வேலை இருக்கிறது என்று சொல்லி ஒதுங்கிவிடுவார். மாம்பழ சீசனில் வேண்டுமானால் அறுத்து வை, அது நம் ஊரில் கணக்கில்லை.

பிள்ளைகள் பாட்டு முடியும்வரை உங்களோடு உட்காரட்டும். பிறகு இரண்டு பெரியவர்கள் சேர்ந்து பக்கத்து அறையில் வைத்துக்கொள்ளுங்கள், ஒருவராக வேண்டாம், கதவு திறந்தே இருக்கட்டும். பொட்டு வைத்த அக்காமார் வந்தால் நெற்றியைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கக்கூடாது. அவர்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு.

பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் உங்கள் ஹாலில் இடமும் இருக்காது, பேசுகிறவர்களும் நான்கு பேராகச் சுருங்கிவிடுவார்கள். அப்போது ஐயரிடம் கேட்டு இன்னொரு வீட்டில் ஒரு பகுதியைத் தொடங்கலாம். நடத்தப் பழகின ஒருவரை அதற்குள் தயார் செய்யவேண்டும், ஆகவே மூன்றாம் மாதத்திலிருந்தே மாதம் ஒரு வாரம் கேள்வி கேட்கிற வேலையை வேறொருவரிடம் கொடு. திணறினால் திணறட்டும், நீ குறுக்கே போகாதே.

முதல் வாரத்துக்கு மாற்கு 1:1 முதல் 15 வரை போதும். மாப்பிள்ளையை முந்தின நாளே இரண்டு தடவை சத்தமாக வாசித்துப் பார்க்கச் சொல்லு.

அன்புடன்,
அம்மா
தருமபுரி