மொபைல் ஸ்டார்ட்டர்களுக்கு 2ஜி சிக்னலைத் திரும்பக் கேட்டு நான்காவது மனு

அனுப்புநர்: கரும்பு விவசாயி, அண்ணாகிராமம் ஒன்றியம்

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், கடலூர்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நெல்லிக்குப்பம் பக்கம், 2024 டிசம்பர் வெள்ளத்தில் தென்பெண்ணை மணல் மூடிய கொல்லைகளைத் தாங்கள் அறிவீர்கள். அதில் ஒரு ஏக்கர் என்னுடையது. சொட்டுநீர்க் கரும்பு.

1. மானியத்தில் வாங்கிய மொபைல் ஸ்டார்ட்டர் மோட்டார் கொட்டகையில் இருக்கிறது. உள்ளே ஒரு சிம் கார்டு. வீட்டிலிருந்து போன் போட்டால் மோட்டார் ஓடும். மும்முனை கரண்ட் வந்தால் அதுவே எஸ்எம்எஸ் அனுப்பும்.

2. இந்தப் பெட்டி 2ஜி மட்டும்தான் பிடிக்கும். எங்கள் டவரில் மூன்று மாதமாக 2ஜி இல்லை. அலைவரிசையை 4ஜிக்கு மாற்றிவிட்டார்களாம். பார்க்க வந்தவர் தன் போனை எடுத்து, "சிக்னல் ஃபுல்லா இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போனுக்கு இருக்கிறது, பெட்டிக்கு இல்லை. டவர் கிடைத்தால் பெட்டியின் சின்ன விளக்கு மூன்று நொடிக்கு ஒரு முறை நிதானமாக மினுக்கும். இப்போது படபடவென்று மினுக்கிக்கொண்டே இருக்கிறது. வேறு கம்பெனி சிம்மும் போட்டுப் பார்த்தோம். ஒன்றில் 4ஜி மட்டும், இன்னொன்று கொட்டகைவரை எட்டவில்லை. கரண்ட் வந்ததும் தானாக ஓடும்படி ஆட்டோவில் விட்டால், போர்வெல் வற்றும்வரை மோட்டார் ஓடுகிறது.

3. மும்முனை கரண்ட் ராத்திரியில் எப்போது வரும் என்று தெரியாது. ஒரு மணிக்கு எழுந்து போய், வரவில்லை என்றால் கொட்டகை வாசலில் குந்தியிருக்கிறேன். வீட்டுக்காரருக்குச் சர்க்கரையில் இரண்டு கால்விரல் எடுத்தாகிவிட்டது, வரப்பில் நடக்க முடியாது. போன வாரம் பெட்டிக்குக் கை நீட்டும்போது டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன்: கேபிள் சுருளுக்குள் கட்டுவிரியன், கருப்பில் வெள்ளைக் கோடு. ஒரு சாண் தூரம் ஐயா. கரும்பு காய்ந்தால் காயட்டும் என்று திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் ராத்திரி மறுபடியும் போகத்தான் வேண்டியிருந்தது.

4. மூன்று மனுவுக்கும் ரசீது இருக்கிறது, பதில் இல்லை. "சம்பந்தப்பட்டவர்களுக்கு அனுப்பப்பட்டது" என்கிறார்கள். யார் ஐயா அவர்கள்? ராத்திரி ஒரு மணிக்குக் கொல்லையில் நிற்கிற என்னைவிடச் சம்பந்தப்பட்டவர் யார்? 28 நாளைக்கு ஒரு முறை அந்தச் சிம்முக்கு ரீசார்ஜ் மட்டும் கம்பெனிக்காரர்கள் தவறாமல் வாங்கிக்கொள்கிறார்களே!

5. டவர்காரர்களை அழைத்துப் பேசுங்கள். பெட்டிகளை மாற்றும்வரை 2ஜி வேண்டும். முடியாதென்றால் 4ஜி பெட்டிக்கு மானியம் கொடுங்கள். ஒருமுறை வாங்கியவர்களுக்குக் கிடையாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கையெடுத்துக் கேட்கிறேன் ஐயா, 2ஜியைத் திரும்பக் கொடுக்கச் செய்யுங்கள். இன்றைக்கு ராத்திரியும் தண்ணீர் விட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
விவசாயி