ஒதிய மரத்துக் குடித்தனங்கள்

மன்னார்குடி,
தை மாதம்.

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போகிக்கு முதல் நாள் வந்தது. உடனே எழுத நினைத்தேன். பொங்கலும் விருந்தாளிகளுமாக ஒரு வாரம் ஓடிவிட்டது. முட்டி வலி இப்போது எப்படி இருக்கிறது? இங்கே சம்பா அறுவடை தொடங்கிவிட்டது. ராத்திரியிலும் இயந்திரச் சத்தம் ஓய்வதில்லை.

பேத்தியின் பாடத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். காட்டில் வாழும் உயிர்கள் என்று ஓக் மரம், முள்ளெலி, கொட்டை சேர்க்கும் அணில் எல்லாம் படமாக வந்திருக்கிறதாம். "நம் அணில் ஏன் சேர்த்து வைப்பதில்லை?" என்று அவள் கேட்டதற்கு உன்னால் பதில் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருந்தாய். எவ்வளவு நல்ல கேள்வி! அந்தப் பாடத்தில் வரும் குளிர் நாடுகளில் குளிர்காலத்தில் தின்ன ஒன்றும் கிடைக்காது. அதனால் அணில் ஓக் கொட்டைகளை மண்ணில் புதைத்து வைக்கிறது. அது எடுக்காமல் விட்ட கொட்டை முளைத்து மரமாகிறது. முள்ளெலி சருகுக்குள் சுருண்டு குளிர் முடியும்வரை தூங்குகிறது. நம் அணிலுக்குப் பன்னிரண்டு மாதமும் ஏதாவது ஒரு பூவோ பழமோ உண்டு. மரங்களும் அப்படித்தான். அங்கே குளிருக்கு முன்னால் இலை உதிர்க்கின்றன. இங்கே ஒதிய மரம் வெயிலுக்கு முன்னால் உதிர்க்கிறது. இதையெல்லாம் அவளிடம் சொல். ஆனால் அதோடு நிறுத்திவிடாதே. குழந்தைக்குக் காடு என்றால் முதலில் காலடியில் இருப்பது தெரிய வேண்டும். யானையும் கரடியும் மெதுவாக வரட்டும்.

எங்கள் பள்ளிக்குப் பின்னால் பாமணியாற்றுப் படுகை இருக்கிறது அல்லவா? 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்தபோது அங்கே நின்ற பெரிய ஒதிய மரம் சாய்ந்துவிட்டது. 'ஒதி பெருத்தால் உத்தரத்துக்கு ஆகுமா' என்பார்களே, அதனால் அதை யாரும் வெட்டிக்கொண்டு போகவில்லை. விறகுக்குக்கூட யாரும் தொடவில்லை. இன்று பாதி மண்ணாகிவிட்டது. மீதிப் பாதியில் வேர் பிடித்துத் துளிர்த்திருக்கிறது.

ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பதினேழு பேரையும் வாரம் ஒரு நாள் அங்கே அழைத்துப் போகிறேன். கையை நீட்டக் கூடாது, உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது கட்டளை. தேளும் பூரானும் இருக்கும் இடம் என்பதால் நான்தான் நீளக் கழியால் பட்டையைப் புரட்டுவேன். முதல் நாள் புரட்டியதும் கறையான்கள் சிதறின. அடியில் வெள்ளை நூல் போலக் காளானின் வேலை. ஓர் அரணை பளபளவென்று நழுவி ஓடியது. மரவட்டை ஒன்று மட்டும் அவசரமே இல்லாமல் நடந்து வந்தது. கழி பட்டதும் காசு போலச் சுருண்டுகொண்டது. அது மறுபடி விரியும்வரை பதினேழு பேரும் மூச்சுவிடாமல் காத்திருந்தார்கள். வகுப்பில் ஒரு நிமிடம் உட்காராத பையன் காலை எண்ணத் தொடங்கி, விட்டுவிட்டு, "டீச்சர், ஒரு கணுவுக்கு இந்தப் பக்கம் இரண்டு கால், அந்தப் பக்கம் இரண்டு கால்" என்றான். அதுதான் மரவட்டை. பூரானுக்கு ஒரு கணுவுக்கு ஒரே ஜோடி. நான் சொல்லித்தராமல் அவனே கண்டுபிடித்துவிட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பக்கத்தில் நிற்கும் நாவல் மரத்தில் முசுறு எறும்பு கூடு கட்டுகிறது. சிறு வயதில் நாம் கடி வாங்கி அழுதிருக்கிறோமே தவிர, அது கட்டும் வேலையை நின்று பார்த்ததில்லை. இரண்டு இலைகளின் ஓரத்தை வரிசையாகக் கவ்வி இழுக்கின்றன. எட்டாவிட்டால் ஒன்றின் இடுப்பை ஒன்று பிடித்துச் சங்கிலியாகத் தொங்குகின்றன. இலைகள் நெருங்கியதும் வேறு சில எறும்புகள் தங்கள் புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு வருகின்றன. புழுவின் வாயிலிருந்துதான் பட்டு நூல் வரும். வளர்ந்த எறும்பிடம் நூல் கிடையாது. புழுவை இந்த இலைக்கும் அந்த இலைக்குமாக, தறியில் நாடா ஓட்டுவது போல மாற்றி மாற்றித் தொட்டுத் தைக்கின்றன. "அப்படியென்றால் பாப்பாதான் வீடு கட்டுகிறதா?" என்றாள் ஒருத்தி.

கார்த்திகையில் ஒருவர் வந்து, கரையைச் சுத்தம் செய்ய அந்த மரத்தைத் தள்ளி எரித்துவிடலாம் என்றார். குப்பை என்றே சொன்னார். நான் சண்டை போடவில்லை, மன்றாடினேன். பிள்ளைகளே அவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் நிற்கும் அடிமரத்தில் குக்குறுவான் பறவை குடைந்த பொந்தைக் காட்டினார்கள். இந்த வருடத்துக்கு இருக்கட்டும் என்று போயிருக்கிறார். அடுத்த வருடத்தை நினைத்தால் இப்போதே கவலையாக இருக்கிறது.

நம் ஆறு எங்கே போய் முடிகிறது என்று கேட்டார்கள். டிசம்பர் விடுமுறையில் பெற்றோரோடு முத்துப்பேட்டைக்கு அழைத்துப் போனேன். ஜாம்புவானோடையிலிருந்து படகு. பாமணியாறும் கோரையாறும் கலக்கும் காயலைச் சுற்றி, உப்புநீரில் வளரும் அலையாத்திக் காடு. சேற்றிலிருந்து பென்சில் குத்தி வைத்தது போல மூச்சு வேர்கள் நிற்கின்றன. சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் மேலே வந்து மூச்சு விடுகிறது. அலையாத்தி மரம் உப்பை இலை வழியாக வெளியேற்றும். இலையை நக்கிப் பார்த்த பிள்ளைகள் எல்லாரும் "உப்பு, உப்பு!" என்று கத்தியதில் கரையோரக் கொக்குகள் பறந்துவிட்டன. அந்தக் காட்டையும் கஜா முறித்துப் போட்டது. இன்னும் பட்ட மரங்கள் நிற்கின்றன. அவற்றின் உச்சியிலும் நீர்க்காகங்கள் சிறகு விரித்துக் காய்கின்றன.

பங்குனியில் பேத்தியை அழைத்துக்கொண்டு வந்துவிடு. கோவையில் ராத்திரி செம்மொழி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மன்னார்குடி. அப்போது கோயில் தோப்பில் இலுப்பை பூத்திருக்கும். இரவில் வௌவால்கள் வந்து பூவைத் தின்னும். விடியும்முன் மரத்தடியெல்லாம் வெள்ளையாக உதிர்ந்து கிடக்கும். ஒன்றை எடுத்துக் கழுவி அவள் நாக்கில் வைக்க வேண்டும். டார்ச் லைட்டும் அவள் அளவுக்கு ஒரு ஜோடி பூட்ஸும் எடுத்து வா.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி