மதினிக்கு, அப்பாவின் வருஷத் திதி முடிந்த பிறகு

மதினி,

திதிக்கு வந்தபோதே பேசியிருக்கலாம். வீடு நிறையக் கூட்டம். பேசியிருந்தாலும் போன தடவை மாதிரிதான் முடிந்திருக்கும். நாலு பேர் பார்க்க எழுதினால் நாக்கை அடக்கிக்கொள்வேன் என்று ஒரு நம்பிக்கை. சித்தப்பா வீட்டிலும் இதைப் படிப்பார்கள், அதனால் அடுப்படியில் நாம் பேசியது எதையும் இங்கே கொண்டுவரவில்லை. மறதி நோய் வந்த அப்பா தனியாக வெளியே போய்விடாமல் நீங்கள் கேட்டுக்குப் போட்ட பூட்டையும், அதனால்தான் அவர் ஞாபகம் போனது என்ற பேச்சையும் பற்றி மட்டும்.

நீங்கள் பேங்குக்குப் போயிருந்த காலையில் நான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேனே, அன்று நடந்ததை முழுசாகச் சொன்னதில்லை. தெற்கு மாசி வீதிக்கு வந்ததும் என் கையை உதறிவிட்டார். தேர் போகிற வழியிலேயே அவர் கால் போனது, திருப்பம் வந்தால் தானாகத் திரும்பியது. விளக்குத்தூண் பக்கம் ஒரு கடை வாசலில் தொங்கிய துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, “நாப்பது கவுண்ட்டு நூலு. சாயம் நிக்காது” என்றார். கடைப் பையன் முறைத்தான். பருத்திப்பால் வாங்கித் தந்தேன், குடித்தார். நம் சந்து முனைக்கு வந்தபின் எந்தப் பக்கம் போவது என்று என்னைப் பார்த்தார்.

திறந்து கிடந்த கேட்டில் நீங்கள் நின்றிருந்தீர்கள். “இன்னைக்கு நீ கூட்டிட்டுப் போயிட்ட. நாளைக்கு யாரு?”

நான் பதில் சொல்லவில்லை. கோவைக்குத் திரும்பியதும் வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினேன். 2011ல் வந்த அந்த அமெரிக்க ஆய்வு: 120 முதியவர்கள், பாதிப்பேர் ஒரு வருஷம் வாரத்துக்கு மூன்று நாள் நடந்தார்கள், ஞாபகத்துக்கான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதி அவர்களுக்கு 2 சதவீதம் வளர்ந்தது, வெறுமனே உடம்பை நீட்டி மடக்கியவர்களுக்குச் சுருங்கியது. அதை ராத்திரி பதினோரு மணிக்கு உங்களுக்கு அனுப்பினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்களும் ஒரு வார்த்தை திருப்பி எழுதியிருக்கலாம், இரண்டு நீல டிக்கோடு விட்டுவிட்டீர்கள்.

அந்த 120 பேருக்கும் மறதி நோய் கிடையாது. நோய் வந்தவர்களை வைத்து இங்கிலாந்தில் செய்த சோதனை 2018ல் வெளியானது. 494 பேர். உடற்பயிற்சி செய்தவர்களின் உடம்பு தேறியது, மறதியின் வேகம் குறையவில்லை. அதற்கு முந்தின வருஷம் லண்டன் அரசு ஊழியர்களைப் பல்லாண்டு தொடர்ந்து பார்த்தவர்கள் இன்னொன்று சொன்னார்கள். நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு 9 வருஷம் முன்பிருந்தே ஆட்களின் நடமாட்டம் குறையத் தொடங்குகிறதாம். நடக்காததால் நோய் வந்ததா, நோய் வந்துகொண்டிருந்ததால் நடை குறைந்ததா என்று பிரிப்பதே கஷ்டம். பூட்டு வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே அப்பா தன் நடையை நாலு மாசி வீதியிலிருந்து இரண்டாக்கிவிட்டார். மூட்டுவலி என்றார், தீபாவளிக்கு வந்துபோகிற நானும் நம்பினேன்.

ஆக, பூட்டால் அப்பாவுக்கு ஞாபகம் போகவில்லை. சித்தப்பா வீட்டாரும் இதைப் படிக்கட்டும்.

ஆனாலும் மதினி, நடை அவருக்குப் பிடிக்கும். மருந்தாக வேலை செய்யாவிட்டால் என்ன? சாயங்காலம் அண்ணன் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த அரைமணி நேரத்தில் தெருமுனை வரைக்குமாவது கூட்டிப் போயிருக்கலாம். உங்களைச் சொல்லவில்லை. சரி, உங்களையும் கொஞ்சம் சொல்கிறேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றதை நீங்களும் பார்த்தீர்கள்.

அம்மாவை நான் அழைத்துக்கொள்கிறேன். முடிவெடுத்தாயிற்று. அவளுக்கு இன்னும் மறதி வரவில்லை, இப்போதே செய்தால்தான் ஏதாவது பலன். 2024ல் லான்செட் என்ற மருத்துவ இதழின் குழு 14 காரணங்களைக் கணக்கிட்டது, அவற்றைச் சரிசெய்தால் உலகில் கிட்டத்தட்ட 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியுமாம். அசையாமல் உட்கார்ந்திருப்பது அதில் ஒன்று, காது கேளாமையும் நடுவயது ரத்த அழுத்தமும் இருக்கின்றன. அம்மாவுக்குக் காது. உங்களுக்குப் பிரஷர், வயசு ஐம்பத்திரண்டு. அப்பாவோடு சேர்ந்து நீங்களும்தான் அந்தக் கேட்டுக்குள்ளேயே கிடந்தீர்கள். அதை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அம்மாவின் மாத்திரைச் சீட்டை எடுத்து வையுங்கள், புதுச் செருப்பு நான் வாங்கிக்கொள்கிறேன். ஆரப்பாளையத்துக்கு அண்ணன் வண்டி எடுத்து வரவேண்டாம், ஆட்டோ கிடைக்கும். அன்றைக்குச் சமையலை வேண்டுமானால் அவன் பார்க்கட்டும்.