துணிப் பொம்மைகளைக் கழுவித் தாருங்கள்

யாழ்ப்பாணம்
ஆவணி மாதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வரும் வெள்ளிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிச் செல்ல வரும்போது ஒவ்வொருவரிடமும் இரண்டு துணிப் பொம்மைகளைத் தந்துவிடுவோம். நம் பாடசாலையின் விளையாட்டு மூலையில் இருக்கும் யானை, முயல், கரடி, துணிப்பந்து எல்லாமே ஒரு தவணை முழுவதும் பிள்ளைகளின் கையிலும் வாயிலும் கிடந்தவை. விடுமுறைக்குள் அவற்றைக் கழுவி, முற்றாகக் காயவைத்துத் திருப்பித் தாருங்கள். உங்களில் பலரது வீட்டில் தவழும் குழந்தையும் இருக்கிறது. அந்தக் குழந்தையின் பொம்மைகளையும் இதே கையோடு கழுவிவிடுங்கள். அவர்களை நினைத்துத்தான் இந்தக் கடிதம் நீண்டுவிட்டது.

'முற்றாக' என்று காரணத்தோடுதான் எழுதினேன். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, அவள் கட்டிப்பிடித்துத் தூங்கும் துணி முயலை ஒரு கார்த்திகை மாதத்தில் கழுவினேன். இரண்டு நாள் விறாந்தையில் தொங்கவிட்டேன். தொட்டால் காய்ந்திருந்தது. நாலாம் நாள் அதில் ஈரப்பாயின் நாற்றம் வந்தது. தையலைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே பஞ்சு கருநிறப் பூஞ்சணம் பூத்துக் கிடந்தது. அதைத்தான் என் பிள்ளை முகத்தோடு அணைத்துக்கொண்டு மூச்சுவிட்டிருக்கிறாள். முயலை எறிந்துவிட்டேன். அவள் பல நாள் அதைக் கேட்டு அழுதாள். அன்றிலிருந்து, மாரி மழை நாளில் பஞ்சடைத்த பொம்மையை நான் நனைப்பதே இல்லை. ஈரத்துணியால் மேலே துடைப்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

இப்போது வெயிலும் சோளகக் காற்றும் நம் பக்கம். காலை எட்டு மணிக்கு முன் கழுவி முடித்தால் முழுநாள் வெயில் கிடைக்கும். கழுவிய பொம்மையைத் துணி முறுக்குவதுபோல முறுக்காதீர்கள். பஞ்சு ஒரு பக்கமாகத் திரண்டுவிடும். தடித்த துவாயில் சுற்றி, மேலிருந்து அழுத்தி நீரை எடுங்கள். பிறகு ஒரு சுளகிலோ கடகத்திலோ பரப்பி, மோர்மிளகாயைப் புரட்டுவதுபோல மணிக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். சோளகம் புழுதியையும் சேர்த்துக் கொண்டுவரும், அதனால் மேலே மெல்லிய வெள்ளைத் துணியொன்றைப் போர்த்துங்கள். கிளுவை வேலியில் மட்டும் காயப்போட வேண்டாம். முசுறு எறும்பு ஏறிய பொம்மை குழந்தையின் தொட்டிலுக்குப் போனதை நான் கண்டிருக்கிறேன். பொழுதுபட முன் உள்ளே எடுத்து, மறுநாள் மீண்டும் வெயிலில் வையுங்கள். வயிற்றுப் பகுதிதான் கடைசியில் காயும். அங்கே விரலால் அழுத்தும்போது குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

அடுத்தது நம் கிணற்று நீர். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்குவது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறித் துணி இழைகளில் ஒட்டிக்கொள்கிறது. நுரை வரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் சவர்க்காரம் போடுகிறோம், பிசுக்கு இன்னும் கூடுகிறது. அதைச் சப்பும் குழந்தையின் கன்னத்தில் செம்மை படரும்போது பால்மாவைக் குற்றம் சொல்கிறோம். பொம்மைக்குக் கட்டிச் சவர்க்காரத்தைவிட, வாசனையில்லாத மென்மையான சலவைத் திரவம் நல்லது. அதிலும் ஒரு வாளி நீருக்கு ஒரு தேக்கரண்டி போதும். பிழிந்த நீர் தெளியும் வரை, தொட்டால் வழுவழுப்பு இல்லாமல் போகும் வரை அலசுங்கள். மூன்று தடவையாவது வேண்டும். மழைநீர் சேமிக்கும் வீடுகள் கடைசி அலசலுக்கு அதைப் பயன்படுத்தலாம். அதில் சுண்ணாம்பு இல்லை.

நனைக்க முன் பொம்மையில் தைத்திருக்கும் கழுவும் குறிப்புச் சிட்டையை வாசியுங்கள். கண், மூக்கு, பொத்தான் ஒவ்வொன்றையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். ஆடினால் பிடுங்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் நூலால் கண் தைத்துவிடுங்கள். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் தொண்டையை அடைக்க அந்தச் சிறு பொத்தான் போதும்.

பாட்டுப் பாடும் பொம்மைகளை நீரில் அமிழ்த்தக் கூடாது. நல்லூர்த் திருவிழாக் கடைகளிலிருந்து வந்தவை இந்த மாதம் எல்லா வீட்டிலும் இருக்கும். பற்றரியைக் கழற்றி எடுத்துவிட்டு மேற்றுணியை மட்டும் துடையுங்கள். கழற்றிய பற்றரியை அந்தக் கணமே உயரத்தில் வையுங்கள். சட்டைப் பொத்தான் அளவிலான வட்டப் பற்றரியைக் குழந்தை விழுங்கினால், இரண்டு மணித்தியாலத்துக்குள் அது உணவுக்குழாயை எரித்துப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் மட்டும் இருந்தாலும் காத்திருக்காதீர்கள், வாந்தி எடுக்கவைக்காதீர்கள். உடனே போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், அல்லது 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள்.

அம்மம்மாமார் பழைய சேலையில் தைத்து இலவம் பஞ்சு அடைத்த பொம்மைகள் சில வீடுகளில் உண்டு. எனக்கு அவற்றின்மேல் தனிப் பிரியம். இலவம் பஞ்சு நனைந்தால் கட்டியாகிவிடும். தலையணைக்குச் செய்வதுபோல ஒரு பக்கத் தையலைப் பிரித்துப் பஞ்சை எடுத்து வெயிலில் உலர்த்தி, உறையை மட்டும் கழுவித் திரும்பத் தையுங்கள்.

முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உள்ள பிள்ளைகளின் வீட்டில் தூசிப் பூச்சியையும் கவனிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிற்றுயிர் 60 பாகை செல்சியஸ் சூட்டில் செத்துவிடும். கொதிநீரும் கிணற்று நீரும் சம அளவில் கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வரும். முதலில் குளிர்ந்த நீர், பிறகுதான் கொதிநீர். பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது. சுடுநீர் தாங்காத பொம்மையைப் பையில் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் ஒரு முழுநாள் வைத்துவிட்டுக் கழுவுங்கள். குளிர் பூச்சியைக் கொல்லுமே தவிர அதன் எச்சத்தை அகற்றாது. கழுவியதும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள். நீர் நிறைந்த வாளி தவழும் குழந்தைக்குக் கிணற்றுக்குச் சமம்.

நாளாந்த அழுக்குக்குக் கிருமிநாசினி தேவையில்லை. வாந்தியோ வயிற்றோட்டமோ பட்ட பொம்மையை வேறு துணிகளோடு சேர்க்காமல், கையுறை போட்டு அழுக்கை அகற்றிச் சுடுநீரில் தனியாகக் கழுவுங்கள். கழுவ முடியாத பொம்மையானால் எறிந்துவிடுங்கள், மனம் கேட்காவிட்டாலும். கிணற்றுக்கு வாங்கிய குளோரின் தூள் வீட்டில் மீதியிருக்கும், கறைக்குத் தேசிக்காய் தேய்ப்பதும் நம் வழக்கம். இவை இரண்டும் ஒருபோதும் ஒரே வாளியில் சேரக்கூடாது. வினாகிரியும் அப்படித்தான். நுரையீரலைத் தாக்கும் நச்சு வாயு கிளம்பும்.

காய்ந்த பொம்மைகளை எடுத்துவைக்கும்போது நப்தலீன் பூச்சி உருண்டை போடாதீர்கள். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒரு நொதியம் குறைவாக இருக்கும். அது நமக்குத் தெரியாமலே இருக்கலாம். நப்தலீன் அவர்களின் இரத்தச் செங்கலங்களை உடைத்துக் கடும் மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். ஒரு வயது நிரம்பாத குழந்தை தூங்கும் இடத்தில், எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும், பஞ்சுப் பொம்மை வேண்டாம். முகத்தில் விழுந்தால் தள்ளிவிட அதற்குத் தெரியாது.

பிள்ளைக்குத் தெரியாமல் அதன் உயிர்ப் பொம்மையை எடுத்துக் கழுவாதீர்கள் என்பதையும் கேட்டுக்கொள்கிறேன். 'யானைக்குக் குளிப்பு' என்று சொல்லிக் கிணற்றடிக்குக் கூட்டிப்போங்கள். அருகில் நின்று கொஞ்சம் நீர் வார்க்கட்டும். வெயிலில் கிடக்கும் யானையை நடுநடுவே போய்ப் பார்க்கட்டும்.

பாடசாலை தொடங்கும் முதல் நாளில் பொம்மைகளைத் திருப்பித் தாருங்கள். தையல் விட்டிருந்தால், ஏதாவது மணம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், வேறொன்று தைத்துக்கொள்ளலாம். கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் தாய்மாரும், அன்றாடம் வேலைக்குப் போய் இருட்டில் வீடு திரும்புவோரும் இதற்காகச் சிரமப்பட வேண்டாம். வெள்ளிக்கிழமை ஆசிரியையிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். உங்கள் பங்குப் பொம்மைகளைச் சனிக்கிழமை காலை நாங்கள் இங்கேயே கழுவிக்கொள்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்